வாங்கப்போகிறவர்

வீட்டை வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும் மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அவருக்குப் பெயர் வாங்கப்போகிறவர். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். வீட்டை விற்கலாம் என்று நீங்கள் வாயைத் திறந்த வாரமே வந்திருப்பார். வீடு ரொம்பப் பிடித்துப்போயிற்று என்று சொல்லியிருப்பார். அது பொய்யும் இல்லை. அடுத்தவர் வீட்டை இவரைப் போல மனதாரக் காதலிக்கிறவர் உலகத்தில் வேறு யாரும் கிடையாது. கல்யாணப் பேச்சை எடுத்தால்தான் சிக்கல்.

ஹைதராபாத்தில் இந்த இனம் அமோகமாக விளைந்தது இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில். மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழ எழ, அங்கே வேலை பார்த்தவர்களின் சம்பளம் ஏற ஏற, வாரமெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் களைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இளைப்பாறுவதற்காக வீடு பார்க்கக் கிளம்பினார்கள். சினிமா என்றால் டிக்கெட் எடுக்க வேண்டும். வீடு பார்க்க டிக்கெட் இல்லை. இடைவேளைக்குக் காத்திருக்காமலே காபி வேறு வரும்.

அடையாளம் சொல்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கையால் சுவரைத் தட்டிப் பார்ப்பார், வைத்தியர் நோயாளியின் முதுகைத் தட்டுவதுபோல. உள்ளே வந்ததும் எல்லாக் குழாய்களையும் திறப்பார். எதையும் மூடமாட்டார். சமையலறையில் நின்று கண்ணை மூடி நீளமாக மூச்சை இழுப்பார். பால்கனியில் ஒரு காலால் ஓங்கி மிதிப்பார். கடைசியாக, அந்த வீட்டின் எஜமானி ஆசை ஆசையாகக் கட்டிய அலமாரியைக் காட்டி, "இதை மட்டும் இடிச்சிட்டா போதும்" என்பார். அட்வான்ஸ் எப்போது என்று கேட்டுப் பாருங்கள். உங்களை அப்படி ஒரு பார்வை பார்ப்பார். பாசமாகப் பழகிய இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசிவிட்டோமே என்று நீங்களே கூனிக் குறுகிப்போவீர்கள்.

மல்காஜ்கிரியில் எங்கள் எதிர்வீட்டு ஆண்டனிக்கு வாய்த்தவர் கிருஷ்ணகுமார்.

ஆண்டனிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலைக்குச் சேர்ந்து, மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் மகளை வளர்த்து, ஓய்வு பெற்றபோது எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வீடு வாங்கியவர். லிஃப்ட் கிடையாது. வாங்கும்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அப்புறம் அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு முழங்கால் இரண்டும் மக்கர் செய்யத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதென்றால் மாடிக்கு மாடி உட்கார்ந்து இறங்க வேண்டும். திரும்பி ஏறுவதை நினைத்தே பல வாரம் போகாமல் இருந்துவிட்டார். ஜெபப் புத்தகத்தோடு பால்கனியில் உட்கார்ந்திருப்பார். பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

மகள் கல்யாணமாகிச் சென்னை பெரம்பூரில் இருந்தாள். அவள் தெருவிலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். அந்த வீட்டுக்காரர் துரைராஜ் நல்ல மனிதர். கொஞ்ச காலம் பொறுப்பதாகச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணகுமார் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். ஒரு சொல்லுக்கு இரண்டு 'ங்க' போடுகிற மரியாதை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், மேலே சொன்ன சடங்குகளை எல்லாம் ஒன்று விடாமல் செய்தார், சோபாவில் சாய்ந்துகொண்டார்.

"இது நம்மூடுங்க சார். நான் முடிவு பண்ணிட்டனுங்க."

"சந்தோசம் தம்பி. டோக்கன் ஏதாவது..."

"நமக்குள்ள எதுக்குங்க டோக்கன்? வார்த்தைதானுங்களே முக்கியம்."

ஆண்டனியும் வார்த்தையை மதிக்கிறவர். அடுத்த வாரம் பாங்கில் வேலை பார்க்கும் ஒருவர் பணத்தோடு வந்து கேட்டபோது, வேறொருவருக்குச் சொல்லியாயிற்று என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். ஸ்டெல்லா அன்று முழுக்க ஆண்டனிக்குக் காபி போடவில்லை.

கிருஷ்ணகுமார் ஞாயிறு தவறாமல் வந்தார். வரும்போதெல்லாம் மைசூர்பாகு கொண்டுவந்தார்.

"நக்கோ தம்பி, எங்க ரெண்டு பேருக்கும் சுகரு" என்று ஸ்டெல்லா கும்பிடுவார். ஹைதராபாத்தில் முப்பது வருடம் இருந்ததில் 'வேண்டாம்' என்ற சொல் அவருக்கு மறந்தே போயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுங்கம்மா. நம்மூட்டு இனிப்பு."

அட்வான்ஸ் ஏறவில்லை. சர்க்கரை ஏறியது.

அட்வான்ஸ் ஏன் வரவில்லை என்கிறீர்களா? காலம் சரியில்லை. முதலில் ஆடி மாதம். அது முடிந்ததும் மாளய பட்சம். அதுவும் முடிந்ததும், ஆபீஸில் தெலுங்கு நண்பர் ஒருவர் சொன்னாராம், இப்போது 'மூடம்' நடக்கிறது, சுக்கிரன் மறைந்திருக்கிறான், தெலுங்குக்காரர்கள் எதையும் தொடமாட்டார்கள், நாம் அவர்கள் ஊரில் இருந்துகொண்டு அதை மீறலாமா என்று.

"என்ன சொல்லிட்டுப் போறாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டார் ஸ்டெல்லா.

"மூடமாம்."

"அது தெரிஞ்சதுதான. புதுசா என்ன சொல்லுதாரு?"

பிறகு மார்கழி வந்தது. தை பிறந்தால் வழி என்று ஆண்டனி காத்திருந்தார். தை பிறந்து, அதுவும் முடிந்து, மாசியும் பாதி போனது. ஒரு ஞாயிறு கிருஷ்ணகுமார் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு வந்தார்.

"சார், உங்களுக்கு இப்ப தவக்காலம் ஆரம்பிச்சிருச்சுங்களாமா?"

"ஆமா தம்பி."

"அப்ப ஈஸ்டர் போகட்டுமுங்க. உங்க நம்பிக்கையில நான் குறுக்க வரக்கூடாதுங்க."

ஆண்டனி எழுந்து போய்ச் சுவர்க் காலண்டரில் ஈஸ்டரைத் தேடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். தன் பஞ்சாங்கம் தீர்ந்து, பிழைக்க வந்த மாநிலத்தின் பஞ்சாங்கமும் தீர்ந்தபின், விற்கிறவரின் பஞ்சாங்கத்தையே கடன் வாங்கியவரை வேறு எங்காவது கண்டதுண்டா?

வாங்கத்தான் நேரமில்லையே தவிர, வீட்டை ஆளுவதற்கு அவருக்கு நேரம் இருந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஆண்டனி ஆணி அடிக்கப்போனபோது, "நம்ம சுவத்துல ஓட்டை போடாதீங்க சார்" என்று தடுத்துவிட்டார். நட்சத்திரம் அந்த வருடம் ஜன்னல் கம்பியில் தொங்கியது. தச்சர் ஒருவரைக் கூட்டி வந்து, ஸ்டெல்லா குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு மேடையை அளந்தார். எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்தார். மேல்மாடிகளுக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று எழுந்து அரைமணி நேரம் சண்டை போட்டார். நியாயமான சண்டைதான். பதினோரு வருடமாக மாற்றாத மோட்டாரை அடுத்த வாரமே மாற்றினோம். எங்களில் சிலர் அவரைச் செயலாளராகப் போடலாம் என்றுகூடப் பேசினார்கள். எந்த வீட்டின் சொந்தக்காரர் என்று எழுதுவது என்ற கேள்வியில் அது நின்றது.

பெரம்பூரிலிருந்து மகள் அழைத்தாள். துரைராஜ் இன்னும் ஒரு மாதம்தான் பொறுப்பாராம். அன்று சாயங்காலம் ஸ்டெல்லா படியிறங்கிப் பார்த்தார். முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆண்டனியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லிருங்க" என்றார் ஸ்டெல்லா.

"எப்படிச் சொல்லுதது? இவ்வளவு மரியாதையா இருக்காரே."

அடுத்த ஞாயிறு கிருஷ்ணகுமார் தன் மனைவி சுபாஸ்ரீயையும் அழைத்து வந்தார். அவர் பால்கனியில் போய் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, சுபாஸ்ரீ சமையலறைக்கு வந்து ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, இவரு போன வருசம் குக்கட்பள்ளியில ஒரு வீடு பார்த்தாருங்க. அந்த வீட்டுக்காரங்க பொண்ணு கல்யாணத்துல பந்தி பரிமாறிட்டு வந்தோம். வீடு வாங்கலீங்க. வேற ஆளு வந்தா தயவுசெஞ்சு குடுத்துருங்க."

"வேற ஆளு எங்கம்மா வாராங்க? எல்லாரும் உங்க வீடுன்னுல்லா நெனச்சுட்டு இருக்காங்க."

"நான் அனுப்பறனுங்க" என்றாள் அவள்.

சொன்னபடி செய்தாள். ஒரு வாரம் கழித்து, அவள் ஆபீஸில் வேலை பார்க்கும் சபீனாவும் கணவர் அப்துல் காதரும் வந்து நின்றார்கள். காதருக்குச் செகந்திராபாத்தில் வேலை. வாடகை வீட்டில் சலித்துப்போயிருந்தார்கள். வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஆகையால் கதவைத் திறந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கையில் அளவு டேப்போடு கிருஷ்ணகுமார்தான். ஆண்டனியின் உறவினர்கள் யாரோ என்று நினைத்துக்கொண்டு அவர் உற்சாகமாகிவிட்டார்.

"வாங்க வாங்க, நம்மூட்டைச் சுத்திப் பாருங்க."

சுற்றிக் காட்டினார். எப்படிக் காட்டினார் என்கிறீர்கள். எந்த ஜன்னலில் எப்போது வெயில் வரும், எந்த மூலையில் கட்டில் போட்டால் காற்று காலிலிருந்து தலைவரை தடவும், பக்கத்து மனையில் ஏன் இன்னும் பத்து வருடத்துக்குக் கட்டடம் எழும்பாது என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒரு குழாயைத் திறந்து அருவியைக் காட்டுவதுபோலக் காட்டினார்.

"தண்ணிக் கஷ்டம் உண்டா?" என்று கேட்டார் காதர்.

"இருந்துச்சுங்க. நான் மீட்டிங்குல பேசி மோட்டாரையே மாத்திப்போட்டேன். இப்ப மூணாவது மாடின்னே தெரியாதுங்க."

"வெயில் காலத்துல சூடு எப்படி?" என்றாள் சபீனா.

"ஏசியே வேண்டாமுங்க."

"வெயில் காலத்துல இங்க இருந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. ஆனா எனக்குத் தெரியுமுங்க."

சபீனா கணவரைப் பார்த்துத் தலையசைத்தாள். காதர் நேராக ஆண்டனியிடம் போனார். "சார், எங்களுக்குப் பிடிச்சிருக்கு. நாளைக்கே அட்வான்ஸ் தரலாமா?"

கிருஷ்ணகுமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டேப் தானாகச் சுருண்டு டப்பாவுக்குள் போனது.

"என்னங்க சார்," என்றார் ஆண்டனியிடம். "நம்மூட்டை வித்துப்போட்டீங்களே."

ஆண்டனி தலையைக் குனிந்துகொண்டார். எங்கே மன்னிப்புக் கேட்டுவிடுவாரோ என்று, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பயமாக இருந்தது. அதற்குள் ஸ்டெல்லா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவுக எங்க வித்தாவ? வித்தது நீங்கதான் தம்பி. எங்களுக்கு இவ்வளவு நல்லா விக்கத் தெரியாது. உக்காருங்க, காபி தாரேன்."

உட்கார்ந்தார். குடித்தார். அளவாகச் சர்க்கரை போட்ட காபி என்று பாராட்டினார். பத்திரப்பதிவு முடிந்து காதர் குடிவந்த அன்று பூச்செண்டோடு வந்து, கூடத்துக்கு எந்த நிறம் அடிக்க வேண்டும் என்று சொன்னார். காதர் அந்த நிறத்தையே அடித்தார். நன்றாகத்தான் இருக்கிறது.

சுபாஸ்ரீ அடுத்த வருடம் கணவரிடம் சொல்லாமல், தன் பெயரில் கடன் போட்டு, ஒரு வீட்டை வாங்கிவிட்டாள். சாவியோடு அவரைக் கூட்டிப்போனாளாம். எல்லா அறையையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, ஆனா கொஞ்சம் யோசிக்கோணும்" என்றாராம். அவள் யோசிக்கச் சொல்லி வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பால் காய்ச்சினாள்.

ஆண்டனியின் கதை இன்னும் முடியவில்லை. வீடு விற்ற கையோடு இருவரும் பெரம்பூர் போனார்கள். துரைராஜ் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆண்டனி கூடத்தைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார், தாடையைத் தடவினார்.

"வீடு நல்லாருக்கு. மழைக்காலத்துல ஒரு தடவ வந்து பாத்துட்டு முடிவு பண்ணிருவோம்" என்றார்.

துரைராஜின் முகம் போன போக்கை மகள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அந்தக் காலி வீட்டில் ஒரே ஒரு நாற்காலி கிடந்தது. ஸ்டெல்லா அதில் போய் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மழை வரட்டும். நான் இங்கனயே இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

ஆண்டனி கெஞ்சினார். மகள் கெஞ்சினாள். ஸ்டெல்லா அசையவில்லை. சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் கைமாறியது. அந்த ஞாயிறே ஸ்டெல்லா, ஒரு படிகூட இறங்காமல், சர்ச்சுக்கு நடந்து போனார்.

இதையெல்லாம் படித்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் முகம் மனதில் வந்திருக்கும். கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம்: இந்தப் புத்தகத்தை வீட்டில் உட்கார்ந்து படிக்கிறீர்களா, அல்லது கடையில் நின்றுகொண்டா? முன்னட்டையைத் தடவி, பின்னட்டையைப் படித்து, நடுவில் விரித்து முகர்ந்து பார்த்து, முழுக் கட்டுரையையும் முடித்துவிட்டீர்கள். கல்லாவில் இருப்பவர் ரொம்ப நேரமாக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மரியாதை தெரிந்தவர்போல. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.