நாற்பதாம் பக்கத்தில் ஒரு சாவு

நாற்பதாம் பக்கத்தில் செத்துப்போன அப்பா, ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் எழுந்து வந்து, "என் மூக்குக்கண்ணாடி எங்கே?" என்று கேட்டார்.

ப்ரூஃப் பார்ப்பவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அப்பா கேட்கத்தான் செய்தார்.

பதிப்பகத்தில் இவருக்கு 'சிவப்பு மை' என்று பெயர். போன புத்தகத்தில் 'மூன்று வேளையும் மருந்து சாப்பிடவும்' என்பது 'மறந்து சாப்பிடவும்' என்று அச்சாகி, எழுதிய டாக்டர் வந்து மேஜையைக் குத்திவிட்டுப் போயிருந்தார்.

"இன்னொரு தப்பு வந்தா வேற வேலை பாத்துக்குங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. அந்தப் பயத்தில் இந்தக் காதல் நாவலின் முதல் ப்ரூஃபை எழுத்தெழுத்தாகத் திருத்தித் தள்ளியிருந்தார். கதையாக இப்போதுதான், இரண்டாம் ப்ரூஃபில், படிக்கிறார்.

நாளை அச்சு. எழுதிய அம்மாளோ மகளின் பிரசவத்துக்குப் போனவர், போனையே எடுக்கவில்லை.

நாற்பதாம் பக்கத்தைப் புரட்டினார். 'காதலன் படியேறினான். அப்பா மரித்தார். அவள் கதறினாள்.' அவ்வளவுதான். நோயுமில்லை, நொடியுமில்லை. டாக்டர்கூட வரவில்லை.

"அக்கா, இந்த அப்பா எப்படிச் செத்தாரு?" என்று அடுத்த மேஜை டைப்பிஸ்ட் அக்காவைக் கேட்டார்.

"நான் கதை படிக்கிறதில்லை தம்பி. எழுதினதை அடிப்பேன், திருத்தினதைத் திருத்துவேன்."

சின்ன விஷயம்தானே என்று சிவப்பு மை, ஐம்பத்திரண்டிலிருந்து கடைசிவரை வந்த 'அப்பா'வை எல்லாம் 'பெரியப்பா' ஆக்கினார்.

அறுபதாம் பக்கத்தில் பெரியப்பா, அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார்.

"அடப் பாவி!" என்றார் சிவப்பு மை.

தம்பி செத்து இருபதே பக்கம்தான் ஆகிறது! யோசிக்க யோசிக்க அவருக்கு எல்லாம் விளங்கியது. இதற்காகத்தான் கூடப் பிறந்தவனையே தீர்த்துக் கட்டியிருக்கிறான். நாற்பதாம் பக்கத்தில் நடந்தது இயற்கையான சாவே இல்லை. முதலாளியின் அறைக்கு ஓடினார்.

"சார், நாவல்ல ஒரு கொலை நடந்திருக்கு."

"காதல் கதைன்னாங்களே?"

"காதலும் இருக்கு சார். ஆனா சாவுல சந்தேகம் இருக்கு."

"யார் மேல?"

"பெரியப்பா மேல."

"சொந்தப் பெரியப்பாவா?" முதலாளியின் முகம் மலர்ந்தது. "இதை முன்னாடியே சொல்லக்கூடாதா! யார் கண்டுபிடிக்கிறாங்க?"

"யாருமே கண்டுபிடிக்கலை சார்."

"அப்ப நீங்க கண்டுபிடிங்க. சாயங்காலத்துக்குள்ள."

இருபது வருஷம் ஊரார் எழுத்தைத் திருத்திய கை, முதல்முறையாகச் சொந்தமாக எழுதியது. சாவு நடந்த நேரத்தில் படியேறியவன் காதலன் என்பதால் கதாநாயகி அவனையும் சந்தேகப்பட்டாள். காலையில் சந்தேகப்பட்டாள், மாலையில் காதலித்தாள். பெரியப்பாவின் அலமாரியில் விஷப் புட்டி அகப்பட்டது. கல்யாணத்தன்று அவர் கையில் விலங்கு. எழுதி முடித்தபோது சிவப்பு மைக்கே கண் கலங்கியது.

"உங்களுக்குச் சுட்டுப்போட்டாலும் எழுத வராதுன்னு நினைச்சிருந்தேன்" என்றார் முதலாளி. "இனிமே நீங்க துணை ஆசிரியர்."

அட்டையில் 'மர்மக் காதல் நாவல்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, புத்தகம் வெளியே வந்தது.

பத்தாம் நாள், எழுதிய அம்மாள் புத்தகமும் கையுமாக வந்து நின்றார். பேத்தி பிறந்த சந்தோஷம் முகத்தில் துளியும் இல்லை.

"எங்க அப்பாவை நினைச்சு எழுதின கதை. நாளைக்கு அவருக்கு எண்பது வயசு. கையில கொடுக்கலாம்னு ஆசையா இருந்தேன்." புத்தகத்தை மேஜைமேல் போட்டார். "அவரை ஏன்யா கொன்னீங்க?"

"நாங்க எங்கம்மா கொன்னோம்?" என்று முதலாளி பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "நாற்பதாம் பக்கத்துல நீங்களே 'அப்பா மரித்தார்'னு எழுதியிருக்கீங்களே!"

"காதலன் படியேறி வந்தா அப்பா என்ன பண்ணுவார்? கையை நீட்டித் தடுப்பார்! 'மறித்தார்'னு எழுதினேன். பெரிய ற!"

ஒரு எழுத்து. சிவப்பு மை அந்த வரியை எட்டிப் பார்த்தார். துணை ஆசிரியர் நாற்காலி ஆடியது, பிள்ளைகளின் முகம் கண்ணில் வந்தது. கை தானாக டைப்பிஸ்ட் அக்காவை நோக்கி நீண்டது.

"டைப்பிங்ல வந்த தப்பு சார். எப்படிச் செத்தாருன்னு நான் அப்பவே கேட்டேன். அக்கா பதிலே சொல்லலை."

முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து நீங்க..."

அக்கா பதறவில்லை. இழுப்பறையைத் திறந்து, பழைய முதல் ப்ரூஃபை எடுத்து, எச்சில் தொட்டு நாற்பதாம் பக்கத்தைப் பிரித்து, மூவர் முன்னாலும் வைத்தார்.

"நான் பெரிய ற-தான் போட்டிருந்தேன் தம்பி. அதைச் சிவப்பு மையில சுழிச்சு, சின்ன ர போட்டுக் கொன்னது நீங்கதான்."