மூன்றாம் எண் குழாய்

உலகம் இன்னும் அழியாமல் இருப்பதற்கு எங்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிதான் காரணம் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நாங்களும் முதலில் நம்பவில்லை. கல்லூரி முதல்வர்தான் சுற்றறிக்கை அனுப்பி நம்பவைத்தார்.

நாளைய அறிவியல் ஆசிரியர்களுக்கு 'வளங்குன்றா வளர்ச்சி' கற்பிப்பவன் நான். என் பாடத்தின் பெருமையெல்லாம் ஆய்வகத்தின் மூன்றாம் எண் குழாய். பதினோரு வருடமாக ஒழுகுகிறது. வருடந்தோறும் நாற்பது பேர் அதனடியில் அளவு ஜாடியை வைத்து, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு, ஒரு நாளைக்கு எத்தனை வாளி என்று கணக்கிட்டு, வரைபடம் வரைந்து, வருத்தப்படுவார்கள். வருத்தத்துக்கு ஐந்து மதிப்பெண். கல்லூரிக் கையேட்டின் அட்டையில் குழாயின் படம் இருக்கிறது. என் படம் உள்ளே, சிறியதாக.

இந்த வருடச் செய்முறைத் தேர்வன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னிலையில், குழாய் ஒழுகவில்லை.

எல்லாரும் ஜாடியும் கையுமாக நின்றார்கள். ஒரு பெண்ணின் கையில் மட்டும் ஸ்பேனர் இருந்தது.

"ஏம்மா, என்ன பண்ணினே?"

"வாஷர் தேஞ்சிருந்துச்சு சார். மாத்திட்டேன். ரெண்டு நிமிஷ வேலை."

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"தண்ணி வீணாப்போகுதுன்னு வருஷம் பூரா நீங்கதானே சார் சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். அதை யாராவது காதில் வாங்குவார்கள் என்று பாடத்திட்டக் குழு எதிர்பார்க்கவில்லை.

முதல்வர் அங்கேயே விசாரணைக் கூட்டம் போட்டார். குற்றம், 'கற்பித்தல் துணைக்கருவியைச் சேதப்படுத்தியது'. தேர்வாளர் தங்கமான மனிதர். தன் கல்லூரியில் துணைக்கருவியாக ஒரு சாக்கடையே ஓடுவதாகச் சொல்லி எங்களைத் தேற்றினார்.

அந்தப் பெண்ணுக்கு அவள் வீட்டருகே ஒரு பள்ளியில் வேலை தயாராக இருந்தது. தேர்ச்சிச் சான்றிதழைக் காட்டினால் போதும். அப்பா படுத்த படுக்கை. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை. இது தெரிந்தபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. முதல்வரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சலுகை வாங்கினேன். பழைய வாஷரைத் திரும்பப் போட்டு ஒழுகவிட்டால் முழு மதிப்பெண்.

அவள் பழைய வாஷரைக் கையில் எடுத்தாள்.

"இதை ஒழுகவிட்டாத்தான் நான் டீச்சராக முடியுமா சார்?"

"பிடிவாதம் பிடிக்காதேம்மா. பொழைக்கிற வழியைப் பாரு."

"சரி சார். நாளைக்குக் குழாயை மூடுன்னு எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் பிள்ளைங்ககிட்டச் சொல்றது?"

இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. அவள் வாஷரைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு மதிப்பெண் கிடையாது.

பிறகு நானே ஸ்பேனரைப் பிடித்துக் குழாயைத் தளர்த்தினேன். தேர்வு இனிதே நடந்தது. முப்பத்தொன்பது பேர் சொட்டுச் சொட்டாக எண்ணி, மனமார வருந்தி, முதல் வகுப்பில் தேறினார்கள். அவள் தேறவில்லை. அந்தப் பள்ளி வேலை அவர்களில் ஒருவருக்குப் போனது.

பெற்றோர்களே, கவலை வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க நாங்கள் அனுப்பியிருப்பது அந்த முப்பத்தொன்பது பேரைத்தான்.