மாதாவைத் தூக்க வந்த துரை

ரொறன்ரோ முழுவதிலும் மிகத் தீவிரமான கத்தோலிக்கர் ஓர் இங்கிலாந்துக்காரர். அதை ஒருவரும் நம்பவில்லை என்பதுதான் அவருடைய கவலை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்று, டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்தில் இருந்தார். நாங்கள் வைத்த பெயர் பஸ் துரை.

ஆங்கிலப் பூசை கெதியில் முடிந்துவிடுகிறது, தன்னுடைய பாவங்களுக்கு அது காணாது என்று சொல்லி, எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரத் தொடங்கினார். ஒரு சொல் விளங்காது. ஆனாலும் பிரசங்கம் முழுவதும் விழித்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

திருவிழாவில் மாதாவின் சுருவத்தைத் தோளில் தூக்கத் தனக்கும் இடம் வேண்டுமென்று துரை கேட்டார். எங்கள் சனத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்தே ஒரு முடிவு உண்டு: பிரெஞ்சு வெள்ளைக்காரர் என்றால் கத்தோலிக்கச் சுவாமியார், இங்கிலிஷ் வெள்ளைக்காரர் என்றால் புரட்டஸ்தாந்து. திருவிழாத் தலைவர் அந்தோனி அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உவர் அங்கிலிக்கன் எல்லோ? மாதாவை எப்பிடிக் குடுக்கிறது?"

துரையிடம் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. லங்காஷயரில் தன் முன்னோர், கத்தோலிக்கத்தைத் தடைசெய்த அரசனுக்குப் பயந்து, குருமாரைச் சுவருக்குள் ஒளித்துவைத்துப் பூசை கண்டவர்களாம்.

"அங்கே எங்களைச் சரியான இங்கிலாந்துக்காரன் இல்லை என்றார்கள். இங்கே நீங்கள் சரியான கத்தோலிக்கன் இல்லை என்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் பொரிந்தார்.

அந்தோனி அண்ணை மனமிரங்கி, திருவிழாக் கூட்டத்துக்கு அவரை அழைத்தார். சிற்றுண்டிக்குப் பொறுப்பான றீற்றா அன்ரி ஆட்டிறைச்சி றோல் தட்டை நீட்டினார். துரை கும்பிட்டு, இன்று வெள்ளிக்கிழமை என்று மறுத்தார். இங்கிலாந்துக் கத்தோலிக்கர் வெள்ளியில் இறைச்சி தொடுவதில்லை. நாங்களோ தவக்காலத்து வெள்ளியைத் தவிர மற்றதை எல்லாம் எப்போதோ கைவிட்டவர்கள். வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் சாப்பிடாமல் விடுகிறவர்கள் எங்களுக்குத் தெரிந்து சைவ சமயக்காரர்தான்.

"ஐயோ, மனிசன் சைவத்துக்கு மாறிட்டுது!" என்றார் றீற்றா அன்ரி.

அந்தோனி அண்ணை சோதனையாக மீன் கட்லட்டை நீட்டினார். துரை தட்டையே காலி செய்தார். வெள்ளிக்கிழமையில் மீன் தின்கிற சைவக்காரரை யாரும் கண்டதில்லை. கூட்டம் குழம்பிப்போனது.

கூட்டத்துக்கு வந்திருந்த எங்கள் பங்குச் சுவாமியார் தன் வாயிலிருந்த றோலை மெதுவாக விழுங்கினார். "உவர் ஒராள்தான் இந்த அறைக்குள்ளை ஒழுங்கான கத்தோலிக்கர்" என்றார். துரைக்கு முன்பக்கத்துத் தோள் இடம் கிடைத்தது.

திருவிழாவன்றுதான் தெரிந்தது, மனிதர் எங்கள் எல்லோரையும்விட ஒரு முழம் உயரம். தூக்கியதும் மாதா பின்பக்கம் சரிந்தார். துரை முழங்காலை மடித்து எங்கள் உயரத்துக்கு வந்தார். வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி முடியும்வரை அப்படியே நடந்தார். சுருவத்தை இறக்கியபிறகு அவரால் நிமிர முடியவில்லை.

றீற்றா அன்ரி சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"எங்கடை மனிசன் நிமிரேலாமல் நிக்குது, ஆராவது ஒரு கதிரை குடுத்து இருத்துங்கோவன்!"

அவர் சொன்ன அந்த ‘எங்கடை’ துரைக்கு விளங்கியிராது. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.