பம்பரமும் என் கரண்டு வண்டியும்

கடவுள் எல்லோருக்கும் உட்கார ஓர் இடம் வைத்துத்தான் படைத்திருக்கிறார். திருப்பரங்குன்றத்தில் இருந்த பம்பரத்துக்கு மட்டும் அதை வீணாக வைத்துவிட்டார்.

அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஊரில் யாரும் கிடையாது. முடி வெட்டிக்கொள்வதும் நின்றபடிதான். கடைக்காரர் ஸ்டூலின் மேல் ஏறி நின்று வெட்டுவார். பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். “பேரையூருக்கு டிக்கெட்ட வாங்கிட்டு பாதி தூரம் நடந்தே போறாருய்யா” என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு கல்யாணத்தில், பந்தியில் உட்காராமல் இலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவரைப் பரிமாற வந்த ஆள் என்று நினைத்து யாரோ சாம்பார் வாளியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மறுபேச்சில்லாமல் வாங்கினார். பந்தி முடியும்வரை ஊற்றினார். மொய்யும் எழுதிவிட்டுச் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, ஊருக்கு அவர் பம்பரம். லேப்டாப், யுபிஎஸ் எல்லாம் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் நாற்காலி கிடையாது. வருகிறவர்களும் நின்றுதான் ஆகவேண்டும்.

நான் பருத்திப்பால் விற்கிறவள். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, சாயங்காலம் கோரிப்பாளையம் முக்குக்குக் கொண்டுபோவேன். விளக்கு வைப்பதற்குள் கேன் காலியாகிவிடும். என் பருத்திப்பாலைக் குடித்த நாக்கு வேறொரு கடைக்குப் போகாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், ஆனால் உண்மை.

முதலில் கேனைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். ஏறும்போது ஒரு பேச்சு, இறங்கும்போது ஒரு பேச்சு. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவளுக்கு லைசென்ஸ் எவர் தரப்போகிறார்கள் என்று இருந்தபோதுதான் இந்தக் கரண்டு ஸ்கூட்டர் ஊருக்குள் வந்தது. மெதுவாகப் போகிற வண்டி, லைசென்ஸ் கேட்கமாட்டார்கள் என்றார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அன்றையிலிருந்து ஒருத்தர் பின்னால் உட்கார்ந்து போனவளில்லை நான்.

சீட்டுக்கு அடியில் நாலு ஈய பேட்டரி, கருங்கல் கனம். முதலில் வண்டி ராஜா மாதிரி போனது. போகப் போக மேட்டைக் கண்டாலே அதற்கு இளைத்தது. கரண்டு கட்டு அதிகமாக இருந்த காலம் வேறு. நாள் பூராவும் சார்ஜ் கேட்கிற பேட்டரிக்கு அரை வயிறுகூட நிறையவில்லை. வழியில் இருக்கிற ரயில்வே மேம்பாலத்தின் நடுவில் படுத்துவிடும். கேனோடு தள்ளிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் பால் ஆறி ஏடு கட்டியிருக்கும். குடிக்க வந்தவர்கள் டீக்கடைக்குப் போயிருப்பார்கள்.

என் மகன் முருகேசனுக்குப் பொறுக்கவில்லை.

“எம்மா, ஊரே பாத்துச் சிரிக்குது. இன்னொரு தடவ பாலத்துல நின்னுச்சு, வண்டியப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவேன். ஒழச்சது போதும், பேசாம வீட்ல ஒக்காரு.”

வீட்டில் உட்காருவதா? நானா? பம்பரத்தின் வியாதி என்னவென்று அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாளே வண்டி பாலத்தில் நின்றது. முருகேசன் கண்ணில் படுமுன் பம்பரம் கண்ணில் பட்டது நான் செய்த புண்ணியம். ஓடி வந்து பின்னால் கை கொடுத்துத் தள்ளிக்கொண்டே பேசினார்.

“யக்கா, இந்த ஈயத்தத் தூக்கி எறிங்க. லித்தியம் போட்டுருவோம்.”

“அது என்னப்பா லித்தியம்?”

“செல்போனுக்குள்ள இருக்குல்ல, லேப்டாப்புக்குள்ள இருக்குல்ல, அதுதான். செத்த நேரத்துல வகுறு நெறஞ்சுரும். எடையும் கொஞ்சந்தான். மேட்டப் பாத்து மெரளாது.”

“வெடிக்கும்ங்கிறாகளே?”

“கோவக்காரந்தான். மரியாதையா நடத்துனா ஒண்ணும் செய்யமாட்டான்.”

ரிப்பேருக்கு வந்த லேப்டாப் பேட்டரிகள் அவர் கடையில் மூட்டையாகக் கிடந்தன. உடைத்தால் உள்ளே கைவிரல் தடிமனில் சின்னச் சின்ன செல். சிலது செத்திருக்கும், சிலது உயிரோடு இருக்கும். உயிருள்ளதைப் பொறுக்கி, சார்ஜ் ஏற்றி இறக்கிச் சோதித்து, ஒன்றுக்கொன்று சமமானதை மட்டும் ஜோடி சேர்த்தார். கல்யாணத் தரகர் தோற்றார்.

“இது சரிப்படாதுக்கா, சீக்கிரம் சோந்துருது. சோம்பேறியவும் சுறுசுறுப்பையும் சேத்துக் கட்டிவச்சா ரெண்டும் வெளங்காது.”

“ஒனக்குப் பொண்ணு பாக்க இம்புட்டு மெனக்கெட்டிருந்தீன்னா இந்நேரம் பேரன் எடுத்திருப்பியே தம்பி.”

“பொண்ணு பாக்கப் போனா ஒக்காரச் சொல்றாங்கக்கா.”

நான் தினமும் போய் வாசலில் நிற்பேன். “ஆச்சா?” “நாளைக்குக்கா.” எனக்கும் கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வீட்டில் காய்ச்சுகிற அடுப்பு சும்மா கிடக்கிறது; கோரிப்பாளையத்தில் என் முக்கில் வேறு யாராவது கேனை இறக்கிவிட்டால்?

ஒரு வழியாகச் செல்களையெல்லாம் கட்டிப் பெட்டியில் போட்டு, முதல் தடவை சார்ஜ் ஏற்றியபோது, பம்பரம் கையில் மணல் வாளியோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதிர்க்கடைப் பூக்காரி, “என்னண்ணே, பூமிதிக்கு நேந்திருக்கீகளா?” என்றாள். வெடிக்கவில்லை. புகையக்கூட இல்லை.

சோதனை ஓட்டத்துக்கு முருகேசன் வந்தான். கூடவே பழைய இரும்புக்காரரையும் தள்ளுவண்டியோடு கூட்டி வந்திருந்தான். கால் வைக்கிற இடத்தில் நிறைகேனைக் கட்டிவிட்டுக் கைப்பிடியை முறுக்கினேன். வண்டி பறந்தது. தெருமுனையில் ஆடு ஒன்று குறுக்கே வர, பிரேக்கைப் பிடித்தேன். பின்சக்கரம் கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு பக்கவாட்டில் போனது. பால் தளும்பிப் புடவையெல்லாம் கருப்பட்டி.

இருந்த ஈயக் கனம் போனதில் பின்பக்கம் காற்றாகிவிட்டது. முன்னால் கேன் கனம். அத்தனை செல்லுக்கும் பொருத்தம் பார்த்தவர், வண்டிக்கும் கேனுக்கும் பொருத்தம் பார்க்க மறந்துவிட்டார்.

“போதும்மா, எறங்கு” என்றான் முருகேசன். இரும்புக்காரர் வந்து ஹாண்டில் பாரில் கை வைத்தார்.

“யாரும் தொடாதீகப்பா!” என்று ஓடி வந்தார் பம்பரம்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் காலைத் தூக்கிப் போட்டு என் பின்னால் உட்கார்ந்துவிட்டார். முருகேசன் திறந்த வாயை மூடவில்லை. பூக்காரியின் கையிலிருந்து சரம் கீழே விழுந்தது.

“நாந்தாங்க்கா இப்ப ஈயம். விடுங்க வண்டிய.”

விட்டேன். கொஞ்ச தூரத்துக்கு அவர் கால் ஆட, வண்டியும் சேர்ந்து ஆடியது.

“ஆடாத தம்பி, பால் சிந்துது.”

அதற்கப்புறம் அசைவே இல்லை. குதித்துப் போய்விட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். திரும்பிப் பார்த்தால் வண்டி தடுமாறும். மேம்பாலம் வேறு வந்துவிட்டது.

“உக்காந்திருக்கியாப்பா?”

“இருக்கேன்க்கா.”

பாதி ஏற்றத்தில், வழக்கமாகப் படுக்கிற இடம் வந்தது.

“உக்காந்திருக்கியா?”

“இருக்கேன்க்கா. ரோட்டப் பாருங்க.”

வண்டிக்கு இளைக்கவே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும்தான் இளைத்தது.

கோரிப்பாளையத்தில் தினமும் பால் குடிக்கிற பாய் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, “யா அல்லா, பம்பரம் உக்காந்து வருது! மழ கொட்டப் போகுது, கேன மூடுங்கம்மா!” என்று சத்தம் போட்டார். பம்பரம் இறங்கினார், நிற்க முடியவில்லை. உட்கார்ந்து பழக்கமில்லாத கால் மரத்துப்போய்விட்டது. ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டு சூடாக ஒரு தம்ளர் குடித்தார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். “மிக்சி வந்தப்பறம் இது சும்மாதானக்கா கெடக்கு” என்று அம்மிக்குழவியை எடுத்து, ரப்பர் சுற்றி, சீட்டுக்கு அடியில் ஈயம் இருந்த இடத்தில் இறுக்கிக் கட்டினார். கன்றுக்குட்டி அதோடு அடங்கியது. முருகேசன் அப்புறம் பேரீச்சம்பழப் பேச்சை எடுக்கவில்லை.

பம்பரம் ஓர் ஊரில் நிற்கிற ஆளா? வேலை என்று கோயம்புத்தூர் போனார். அப்புறம் ஓசூர் என்றார்கள், பெங்களூர் என்றார்கள். வண்டிக்கு வேறு பேட்டரியும் மாற்றியாகிவிட்டது. குழவியை மட்டும் கழற்றவிடவில்லை நான். இப்போதும் மேம்பாலத்தடியில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கி, “உக்காந்திருக்கியாப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன்.

பின்னால் இருப்பது கல் என்று எனக்குத் தெரியாதா, என்ன?