பச்சை மைக்கு ஒரு வெள்ளோட்டம்

தன் கை என்ன எழுதுகிறது என்பதைத் தயாபரன் மாஸ்டர் கவனித்தபோது காரியம் கெட்டுப்போயிருந்தது. புது மையை எழுதிப் பார்க்கிறவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், பிள்ளையார் சுழி போடுவார்கள். மாஸ்டரோ பளபளக்கும் பச்சையில் 'சுபாஜினி, சுபாஜினி, சுபாஜினி' என்று மூன்று வரி எழுதி வைத்திருந்தார்.

சுபாஜினி டீச்சர் அவரோடு அதே தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர். இரண்டு வருடமாக அவரிடம் மனதைத் திறக்க மாஸ்டருக்குத் தைரியம் வரவில்லை. அவர் எழுதிய இந்தக் கொப்பியோ பண்டாரவளையில் ரிப்கான் நானாவின் கடை மேசையோடு கயிற்றில் கட்டிக் கிடந்தது. மை வாங்க வருகிற ஊரே அதில்தான் எழுதிப் பார்க்கும்.

"எப்பிடி சேர் பச்ச?" ஏணியில் நின்றபடி நானா கேட்டார். எந்தப் புது மை வந்தாலும் முதல் எழுத்து மாஸ்டருடையதுதான்.

"நல்லா... நல்லாத்தான் ஓடுது நானா."

அவசரமாகக் கோடு கிழித்துப் பெயரை வெட்டினார். மை தடித்து, பெயர் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. சரி, படமாக்கிவிடலாம் என்று சுற்றிலும் கொடியும் பூவும் வரைந்தார். இப்போது அது கலியாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

"நானா, இந்தக் கொப்பிய நானே வாங்கிக்கிறேன்."

"அது விக்கிறதில்ல சேர். புதுசு தாரேன்."

"எனக்கு இதுதான் புடிச்சிருக்கு!"

இனிக் கிழிப்பதுதான் வழி. தாளை இழுத்தார். தாள் வரவில்லை, மைப் போத்தல் கவிழ்ந்தது. மேசை, துடைத்த லேஞ்சி, பத்து விரல் எல்லாம் பச்சை. அந்தப் பெயரில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை!

"அட, மாஸ்டர்! நீங்களும் இங்கயா?"

சுபாஜினி டீச்சரின் குரல். மாஸ்டர் யோசிக்கவேயில்லை. கொப்பியின் மேல் நெஞ்சோடு கவிழ்ந்துவிட்டார்.

"என்னங்க, சொகமில்லையா?"

"இடுப்புப் புடிப்பு டீச்சர். சும்மா... இப்பிடியே கொஞ்ச நேரம் இருக்கேன்."

"அப்பிடிக் குனிஞ்சி இருக்கக் கூடாது சேர்!" நானா பதறி இறங்கி வந்து, தோளைப் பிடித்து ஒரே தூக்காக நிமிர்த்தினார்.

வெள்ளைச் சேட்டில், நெஞ்சுக்கு நேரே, கொடியும் பூவுமாகப் பச்சை எழுத்துகள் பதிந்திருந்தன. இடவலம் மாறிக் கிடந்ததால் வாசிக்க முடியவில்லை. மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் டீச்சர் சேட்டைப் பார்த்துவிட்டு, மேசையில் விரிந்து கிடந்த கொப்பியையும் பார்த்தார். முகம் சிவந்துபோனது.

"நாளன்னைக்கு ஸ்கூல் விட்டதும் பஸ்ஸுக்கு ஒண்ணாவே நடப்போம் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று வெளியேறினார்.

மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நானா, பாவம், டீச்சர் மை வாங்க மறந்துட்டுப் போறாங்களே!"

"மையா? அவங்க பால்பொயிண்டாலதானே சேர் எழுதுறது! ஆறு மாசமா சனிக்கெழம தவறாம வந்து, இந்தக் கொப்பியில நீங்க என்ன எழுதி இரிக்கிறீங்கன்னுதான் பொரட்டிப் பாத்துட்டுப் போறாங்க."