ஏகபுரியில் எரர் இல்லாத நாட்கள்

வரைபடம் வரைகிறவர்கள் கை வலித்து நிறுத்திக்கொண்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஏகபுரி என்றொரு நாடு இருந்தது. அதைப் பெருமகனார் ஆண்டுவந்தார். மக்கள்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரை எதிர்த்து யாரும் நிற்பதில்லை என்பதால் தேர்ந்தெடுப்பதில் சிரமம் எதுவும் இருக்கவில்லை.

அந்த நாட்டில் அரிசியும் மருந்தும் அரசு நிலையங்களில்தான் கிடைக்கும். நிலையத்துக்கு ஒரு சர்வர். வருகிறவர் கண்ணாடித் தகட்டின் மேல் விரலை வைக்க வேண்டும். சர்வர் விரலை அடையாளம் கண்டுகொண்டால் அரிசி. கண்டுகொள்ளாவிட்டால் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். துடைத்துத் துடைத்து வைப்பதிலேயே பொழுது போய்விடும். எல்லா ஊரிலும் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. உப்பந்துறை என்ற கடற்கரை ஊரில் மட்டும் வரிசையே கிடையாது.

அந்த ஊர் சர்வரைப் பார்த்துக்கொண்டவள் வஞ்சிக்கொடி. தலைநகரில் படித்துவிட்டு மாற்றலில் வந்த பொறியாளர். அவள் வந்த புதிதில் அங்கேயும் வரிசை இருந்தது. ஊரில் பாதிப் பேர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். உப்பை வாரி வாரி அவர்கள் விரலில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. சர்வருக்கு அவர்கள் யாரும் இல்லாதவர்கள்.

நிலையத்தில் எழுத்தராக இருந்த உலகநாயகி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "அக்கா, இவங்க அத்தனை பேரு மூஞ்சியும் எனக்குத் தெரியும். நான் பாத்துச் சரின்னு சொன்னா உங்க மிஷின் ஒத்துக்காதா?"

வஞ்சிக்கொடி யோசித்தாள். நாயகியின் கணக்கில் மட்டும் ஒரு சின்னச் செயலியை எழுதிப் போட்டாள். விரல் பிடிபடாவிட்டால் திரையில் 'இவரை எனக்குத் தெரியும்' என்று ஒரு பொத்தான் வரும். நாயகி அதை அழுத்தினால் அரிசி விழும். அவ்வளவுதான். வரிசை கரைந்து போயிற்று. படித்த படிப்பு ஒரு மனிதருக்காவது உதவியது என்று வஞ்சிக்கொடிக்கு அன்று நெஞ்சு நிறைந்திருந்தது.

பெருமகனார் ஒருமுறை அந்தப் பக்கம் வந்தார். நிலையத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மக்கள் எங்கே?"

"வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள், பெருமகனாரே" என்றாள் வஞ்சிக்கொடி.

இப்படி ஒன்றை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அங்கேயே நின்றபடி ஆணையிட்டார். இந்த சர்வருக்கு உடனே தமது பெயர் சூட்டப்பட வேண்டும். இதன் பிரதி நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் வைக்கப்பட வேண்டும். அதற்கென்று பிரதித்துறை உண்டாக்கப்பட்டு, மகுடேசனார் என்பவர் அமைச்சரானார்.

ஒரு சர்வரை அப்படியே நகலெடுத்துவிட முடியாது. அதன் சொந்தப் பெயர், அடையாள எண், யார் யார் அதில் வேலை செய்தார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் முதலில் களைய வேண்டும். அப்போதுதான் பிரதிகள் போய்ச்சேர்ந்த ஊரில் தமக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு பிழைக்கும். இதற்கு ஆயத்தக் கருவி என்றொரு மென்பொருள் இருந்தது. அமைச்சர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, வஞ்சிக்கொடி அதை ஓட்டினாள்.

உடனே எரர் வந்தது. 'மறுதொடக்கம் நிலுவையில் உள்ளது.'

"மறுதொடக்கமா?" என்றார் மகுடேசனார். "பெருமகனாரின் ஆட்சியில் யாவும் செம்மையாகத் தொடங்கப்பட்டுள்ளன. மீண்டும் தொடங்கு என்றால் முதல் தொடக்கம் சரியில்லை என்று பொருள்படும் அல்லவா?"

"ஐயா, ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். வேற ஒண்ணும் இல்ல."

"பெருமகனாரின் பெயர் தாங்கிய ஒன்றை அணைப்பதா!"

கடைசியில் அதற்குப் புத்துணர்வு விழா என்று பெயரிட்டு, பந்தல் போட்டு, நாதசுரம் ஒலிக்க அணைத்து, மறுபடி போட்டார்கள். கருவி நகர்ந்தது. பாதி தூரம் போய் மறுபடி நின்றது. 'ஒரே ஒரு பயனருக்காக நிறுவப்பட்ட செயலி உள்ளது. அது எல்லாப் பயனர்களுக்கும் நிறுவப்படவில்லை.'

அது நாயகியின் செயலி. வஞ்சிக்கொடிக்குப் பார்த்தவுடன் புரிந்தது.

"இதுக்கு ரெண்டு வழி இருக்குங்க ஐயா. அந்தச் செயலிய எல்லா ஊரு எழுத்தருக்கும் குடுத்திடலாம். இல்லேன்னா எடுத்திடலாம். குடுக்கிறதுதான் நல்லது. இங்க வரிசை இல்லாததுக்குக் காரணமே அதுதான்."

"அது என்ன செய்யும்?"

"வர்றவங்கள எழுத்தருக்குத் தெரியும்னா, அரிசி குடுத்திடும்."

மகுடேசனார் நெடுநேரம் கூரையைப் பார்த்தார். "மக்களைத் தெரியும் என்று ஓர் அரசு ஒப்புக்கொள்வது கொள்கை முடிவு. கொள்கை முடிவுக்குக் குழு வேண்டும். குழுவுக்குத் தலைவர் வேண்டும். தகுதியுள்ள தலைவர் எவரும் தற்போது கைவசம் இல்லை. ஆகவே எடுத்துவிடுங்கள்."

வஞ்சிக்கொடி மறுத்திருக்கலாம். நகல் எடுத்து முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடுத்துவிட்டாள். நாயகியிடமும் அதையே சொன்னாள்.

மூன்றாவது தடங்கல் பெயரில் வந்தது. பெயரையும் ஊர் அடையாளத்தையும் களைய அனுமதி கேட்டுக் கருவி காத்து நின்றது.

"பெருமகனாரின் பெயரை அழிப்பதா? எந்தக் கையால்?" என்று மகுடேசனார் எழுந்தே விட்டார்.

"அழிக்கலேன்னா எல்லா சர்வரும் நான்தான் உப்பந்துறைன்னு சொல்லும், ஐயா. தலைமை சர்வருக்கு எது எந்த ஊருன்னு தெரியாது. கணக்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்திடும்."

"ஒரே தலைவர், ஒரே பெயர், ஒரே கணக்கு. இதில் குழப்பம் எங்கிருந்து வந்தது, அம்மையாரே?"

அந்தப் படி தாண்டப்பட்டது. ஆயத்தம் முழு வெற்றி என்று அமைச்சர் சான்று கொடுத்தார். பிரதிகள் மாலை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டன.

செயலியைத் திரும்பப் போட வஞ்சிக்கொடி போனபோது சர்வர் அறைக்கு முத்திரை வைத்திருந்தார்கள். மூலம் பிரதியிலிருந்து எவ்வகையிலும் மாறுபடலாகாது என்று வாசலில் நின்ற காவலர் படித்துக் காட்டினார்.

உப்பந்துறையில் வரிசை திரும்பி வந்தது. உப்பளத்துப் பவுனுத்தாய் தகட்டில் விரலை வைத்தாள், சேலையில் துடைத்தாள், மறுபடி வைத்தாள்.

"நேத்து வரைக்கும் என்னையத் தெரிஞ்சிதே தாயி. இன்னிக்கு என்ன வந்துச்சு இதுக்கு?"

நாயகி திரும்பி வஞ்சிக்கொடியைப் பார்த்தாள். வஞ்சிக்கொடி தரையைப் பார்த்தாள். நாயகி ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தன் விரலைத் தகட்டில் வைத்தாள். அரிசி விழுந்தது. அடுத்தவருக்கும் வைத்தாள். ஒருவருக்கு ஒருமுறைதான் என்று ஒரு தடை முன்பு இருந்தது. ஒரே பெயரில் இத்தனை சர்வர்கள் ஒரே நேரத்தில் பேசியதில் அந்தத் தடை எப்போதோ செயலிழந்து போயிருந்தது.

மற்ற ஊர்களிலும் கல் உடைத்துத் தேய்ந்த விரல்கள் இருந்தன. சாயத்தில் வெந்த விரல்கள் இருந்தன. எழுத்தர்களுக்குக் கண்ணும் இருந்தது. அவர்களும் தங்கள் விரலை வைத்தார்கள். ஆனால் பிரதி எடுத்தபோது எழுத்தரின் கணக்கும் பெயர் மாறாமல் கூடவே போயிருந்தது; அந்தந்த ஊர் எழுத்தரின் விரலும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருந்தது. ஏகபுரியின் எந்த மூலையில் எந்த எழுத்தர் விரல் வைத்தாலும் உலகநாயகி, உப்பந்துறை என்றே பதிவாயிற்று.

மக்கள் புகார் அனுப்பினார்கள். எல்லாப் புகாரும் உப்பந்துறையிலிருந்து வந்ததாகத் தெரிந்ததால், முதலாவதை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஏற்கெனவே பெறப்பட்டது என்று தள்ளிவிட்டார்கள்.

கிடங்குகள் காலியாகத் தொடங்கியபோது மகுடேசனார் பதிவுகளை வரவழைத்துப் பார்த்தார். அன்றே நாட்டுக்கு அறிவித்தார். "குடிமக்களே, பஞ்சம் என்பது வதந்தி. நாட்டின் அரிசி முழுவதையும் உலகநாயகி என்னும் ஒரு பெண் தனியாக உண்டிருக்கிறாள்."

உப்பந்துறை நிலைய எழுத்தரைக் கைது செய்யும்படி ஆணை போயிற்று. ஒவ்வோர் ஊர்க் காவலரும் தம் ஊர் சர்வரைக் கேட்டார். அது, இதுதான் உப்பந்துறை என்றது. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஓர் எழுத்தர் கைதானார்.

தலைநகரின் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. "உங்களில் உலகநாயகி யார்?" என்று நீதிபதி கேட்டார். பெரிய மீசை வைத்த ஒருவர் முன்னால் நின்றார். அவர் பெயரும் சர்வரில் உலகநாயகி என்றுதான் இருந்தது.

நிபுணர் சாட்சியாக வஞ்சிக்கொடியை அழைத்தார்கள். நாயகி கூட்டத்தின் நடுவில் நின்றாள். நடந்து வந்ததில் செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்திருந்தாள்.

"மூல சர்வரின் எழுத்தர் யார் என்று சுட்டிக்காட்டுங்கள்" என்றார் மகுடேசனார்.

"முடியாதுங்க ஐயா. பிரதியில ஒரு குறையும் இல்லேன்னு நீங்களே சான்று குடுத்திருக்கீங்க. அப்ப மூலம் எது, பிரதி எதுன்னு யாரால சொல்ல முடியும்?" அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணும் சொல்லணும். இவங்க யாரும் திருடலை. ரேகை தேஞ்சவங்களுக்காக ஒரு செயலி இருந்துச்சு. அத எடுத்தது என் கைதான். தண்டிக்கணும்னா என்னையத் தண்டிங்க."

நீதிபதி சான்றைப் புரட்டினார். "ஆயத்தம் முழு வெற்றி என்று இருக்கிறது. வெற்றியில் தவறு செய்தவர் இருக்க இயலாது. உமது வாக்குமூலம் நிராகரிக்கப்படுகிறது."

குற்றவாளி ஒருவர், ஆட்கள் பலர் என்பதால், ஓராண்டுத் தண்டனையைச் சமமாகப் பங்கிட்டு ஆளுக்குச் சில நாட்கள் கொடுத்தார். எழுத்தர்கள் உள்ளே போனார்கள். நிலையங்கள் முத்திரை வைத்து மூடப்பட்டன.

அவர்கள் வெளியே வந்த காலையில் தலைநகரெங்கும் கொடி பறந்தது. வஞ்சிக்கொடி சிறைவாசலில் புதுச் செருப்போடு காத்திருந்தாள். இருவரும் பேருந்து நிலையத்துக்கு வந்தபோது ஒலிபெருக்கியில் பெருமகனார் பேசிக்கொண்டிருந்தார். கடந்த சில நாட்களாக நாட்டின் எந்த சர்வரிலும் ஒரு எரர்கூட வரவில்லை, உலக வரலாற்றில் இப்படி ஓர் ஆட்சி இருந்ததில்லை என்றார். கூட்டம் கைதட்டியது. பின்வரிசையில் இருந்தவர்கள் பசியில் கொஞ்சம் மெதுவாகத் தட்டினார்கள்.

நாயகி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "கடைய மூடினா எரர் எப்படி வரும்க்கா?"

உப்பந்துறையில் இறங்கியபோது நிலையத்தின் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. முத்திரை அப்படியே இருந்தது. எப்போது திறக்க வேண்டும் என்று எந்த ஆணையும் வரவில்லை. காவலர் வஞ்சிக்கொடியைப் பார்த்தார், வாசலில் இருந்தவர்களைப் பார்த்தார். அவருடைய அம்மாவும் அவர்களில் இருந்தாள். தேநீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வஞ்சிக்கொடி முத்திரையைக் கிழித்தாள். பவுனுத்தாய் முதல் ஆளாக வந்து தகட்டில் விரலை வைத்தாள். எரர் வந்தது. தலைநகரில், பெருமகனாரின் மேசைக்கு எதிரே இருந்த பெரிய திரையில், பூஜ்ஜியம் என்று பொன்னெழுத்தில் மின்னிக்கொண்டிருந்த எரர் எண்ணிக்கை ஒன்றாக மாறிற்று.

நாயகி பழக்கத்தில் தன் விரலை நீட்டினாள்.

"நீ கைய எடு, நாயகி" என்றாள் வஞ்சிக்கொடி. "இந்தத் தடவ நான்."

அவள் தன் விரலைத் தகட்டின் மேல் வைத்தாள். பவுனுத்தாயின் பைக்குள் அரிசி விழத் தொடங்கியது.