டிராகனை எழுப்பாத ரயில்

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கால்வாய்த் துறைக்கு இருபது சீன லி தூரம். முதல் பனி விழுவதற்குள் அங்கே தண்டவாளம் போட்டு முடித்தால் எழுத்தர் குவாங்கின் தொப்பி உச்சியில் பதவி உயர்வுக்கு அடையாளமான நீலக் குமிழ் ஏறும், தவறினால் தொப்பியே இறங்கும் என்று மேலிடத்து உத்தரவு வந்து சேர்ந்தது.

முதல் ஊரிலேயே தலைவர் நியே குறுக்கே படுத்துவிட்டார்.

"கீழே டிராகன் தூங்குது, எழுத்தரய்யா. இரும்பு ஏறினா புரண்டு படுக்கும். எங்க தாத்தா கல்லறை என்னாகிறது?"

"நேத்துகூட உங்க கழுதை வண்டி அது முதுகு மேலதானே போச்சு?"

"அது பழகின வண்டி. டிராகனுக்குத் தெரியும்."

குவாங் கோப்பைத் திறந்து எழுதினார். 'மேற்படி டிராகனின் உறக்கத்தை முன்னிட்டு' பாதை இடப்பக்கம் திரும்பியது. அடுத்த ஊரில் வால் என்றார்கள், அதற்கடுத்ததில் மீசை என்றார்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு. கோப்பின்படி அந்த ஒற்றை டிராகனுக்கு நாலு வால், பதினோரு கால். எல்லாவற்றுக்கும் முத்திரை இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

கடைசி ஆணியை அடித்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே சுரங்கத்து வாசல். கிளம்பிய இடத்துக்கே பாதை வந்துவிட்டது. குவாங் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

மேலதிகாரி பல்லக்கில் வந்து இறங்கினார். "எங்கய்யா போகுது இது?"

"இங்கேதான் வருதுங்க."

"வழியில எதிர்ப்பு?"

"யாருமே இல்லீங்க."

"தாமதம்?"

"கிளம்பினப்பவே சேர்ந்த மாதிரிதானுங்க."

"பலே! எதிர்ப்பே இல்லாத ரயிலு!" என்று நீலக் குமிழைக் கொடுத்துவிட்டார். ரயில் வந்துவிட்டபடியால், அதுவரை ஊர்களுக்குக் கரி சுமந்த கழுதை வண்டிகளுக்குத் தடையும் போட்டார்.

ரயில் கரி ஏற்றிக்கொண்டு சுற்றியது. அத்தனை வளைவையும் சுற்றிவர, ஏற்றிய கரியையெல்லாம் இயந்திரமே தின்றுவிட்டு வெறும் வண்டியாக வந்து நின்றது. மாவட்டம் முழுக்க அடுப்பு அணைந்தது. பனி கொட்டியது. நியே பல் கிட்டிக்க ஓடி வந்தார்.

"அய்யா, ரயிலு எங்க ஊர்ல நிக்கணும். நாங்க ஏறிக் குளிர் காயணும்."

"டிராகன் எழுந்துடுமே?"

"அதுவும் விறைச்சுக் கிடக்குது. சூடு பட்டா சந்தோஷப்படும்."

எல்லா ஊரும் ஏறியது. குவாங்கும் ஏறினார். அப்போது தலைநகரிலிருந்து புது உத்தரவு: வளைவுகளை நீக்கி, பாதையை நேரே கால்வாய்க்குக் கொண்டுபோகவும்.

"நேரா போட்டா கரியெல்லாம் அங்க போயிடுமே! நம்ம கதி?" என்று அலறினார் நியே.

குவாங் கொதிகலன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். கையைச் சூடேற்றிக்கொண்டு, மையைத் தொட்டு, தன் அழகான கையெழுத்தில் பதில் எழுதினார்: 'கால்வாய்க் கரையிலும் ஒரு டிராகன் தூங்குகிறது.'